பத்தாவது பெயர்

முதலாளியின் மேஜையில் எப்போதும் துணித் துண்டுகள்தான் கிடக்கும். அன்றைக்கு ஒரு ஸ்கேன் படம் கிடந்தது. ஃபேக்ஸில் வந்த காகிதம் சுருண்டு சுருண்டு எழுந்ததால் அதன் மேல் ஒரு நூல் கோனை வைத்திருந்தார். கறுப்புக்கு நடுவில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அது தலையா காலா என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் முகஜாடை அப்படியே தன் அம்மாவைப் போல இருப்பதாக முதலாளி கண்டுபிடித்துவிட்டார்.

"உக்காரு கண்ணு. நீ பிரெஞ்சு படிச்ச புள்ளதான?"

இந்தக் கேள்வி வந்தாலே எனக்கு எழுந்து ஓடிவிடத் தோன்றும். அப்போது வயிற்றில் ஐந்து மாதம் வேறு.

"கொஞ்சம் படிச்சேனுங்க ஐயா."

"நம்ம சுதாவுக்குப் பொண்ணாம். அந்த ஊருல முன்னாலயே சொல்லிப்போடறாங்க. பேரு வெக்கோணும். பிரெஞ்சுக்காரன் கூப்புட்டாலும் நல்லா இருக்கோணும், இங்கிலீசுக்காரன் கூப்புட்டாலும் நல்லா இருக்கோணும். ஒரு பத்துப் பேரு எழுதிக் குடு. வெள்ளிக்கெழமைக்குள்ள வேணும்."

சுதா அவருக்கு ஒரே மகள். கம்ப்யூட்டர் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு கனடாவில் மான்ட்ரியல் என்கிற ஊரில் இருந்தாள். அங்கே பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, பக்கத்து வீட்டில் ஆங்கிலம். நானோ திருப்பூரில் அவருடைய பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கத்துத் திட்டையும் இரண்டு மொழிகளில் வாங்கிக்கொள்வதற்கு அப்படி ஒரு பெயர் உண்டு. குழந்தைக்குப் பெயர் வைப்பது அந்த வேலையில் சேர்த்தியா என்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் எழுதியிருக்கவில்லை.

என் பிரெஞ்சுப் புலமை

கோயம்புத்தூரில் நான் படித்த கல்லூரியில் தமிழ் எடுத்தால் மார்க் வராது, பிரெஞ்சு எடுத்தால் கொட்டும் என்று சீனியர்கள் சொன்னார்கள். எடுத்தேன். கொட்டியது. அந்தப் பாடப்புத்தகத்தில் ஒரு குடும்பம் இரண்டு வருஷமாகக் கடற்கரைக்குக் கிளம்பிக்கொண்டே இருந்தது. அப்பா குடை எடுப்பார், அம்மா பழம் எடுப்பாள். அவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்பது தெரியாமலே எனக்குப் பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

இந்தப் புலமையை வைத்துத்தான் முதலாளி என்னை வேலைக்கு எடுத்தார். பிரான்ஸிலிருந்து பையர் வந்தால் என்னைப் பக்கத்தில் உட்கார வைப்பார். பையர் ஆங்கிலத்தில் பேசுவார், நானும் ஆங்கிலத்தில் பேசுவேன். கடைசியில் நான் பிரெஞ்சில் நன்றி சொல்வேன். அந்த ஒரு வார்த்தைக்கு முதலாளி சபையைச் சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பார். தான் பெற்ற மகளே கச்சேரி செய்த மாதிரி பூரிப்பு.

போர்டில் ஏறும் குழந்தைகள்

பேத்திக்குப் பெயர் என்றால் பேத்திக்கு மட்டும் இல்லை. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது.

எங்கள் ஊரில் கம்பெனிக்கு முதலில் சாமி பெயர் வைத்தார்கள். சாமிகள் தீர்ந்துபோனதும் பிள்ளைகள் பெயர் வைக்க ஆரம்பித்தார்கள். அனுப்பர்பாளையத்திலிருந்து பஸ் ஏறி ஊருக்குள் வருவதற்குள் இரண்டு பக்கமும் ஒரு பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டையே வாசித்துவிடலாம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது, அண்ணன் மகள் பெயர் போட்ட ஃபேக்டரி தம்பி பங்குக்குப் போய்விட்டது. அந்தப் பெண் இன்றைக்கும் தன் பெயர் எழுதிய கேட் வழியாக உள்ளே போக முடியாது. வாட்ச்மேன் விடமாட்டார்.

எங்கள் முதலாளி ஊருக்கு வெளியே புது யூனிட் கட்டி முடித்திருந்தார். தை மாதத்தில் பேத்தி பெயரில் திறப்பு விழா, முகூர்த்தம் குறித்தாயிற்று. பேத்தி பிறப்பதோ மாசியில். முகூர்த்தத்தைத் தள்ள முடியாது, பிரசவத்தை முன்னால் இழுக்க முடியாது. ஆகவே பெயர் மட்டும் முன்கூட்டியே பிறக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சு பையர், இங்கிலாந்து பையர் இரண்டு பேர் வாயிலும் அது நுழைய வேண்டும். இதற்குத்தான் ஃபேக்ஸ், நூல் கோன், கடற்கரைக்குப் போகாத குடும்பத்தின் பிரெஞ்சு எல்லாம்.

சுருக்கம் பார்த்தல்

துணியைத் தைக்கும் முன் துவைத்துப் பார்ப்போம், எவ்வளவு சுருங்குகிறது என்று. பெயர்களையும் அப்படித்தான் பார்த்தேன். ஹேமாவைப் பிரெஞ்சில் முக்கி எடுத்தால் 'ஏமா' ஆகிவிடும், அவர்களுக்கு ஹகரம் வராது. சாருமதி ஷாருமதி ஆவாள். முதலாளியின் அம்மா பெயர் பழனியாத்தாள். அதை இரண்டு மொழிக்காரர்களும் தொடாமல் இருப்பதே அந்த அம்மாளுக்கு நாம் செய்யும் மரியாதை என்று தோன்றியது.

இதற்கு மேல் முதலாளியின் ஜோசியர் ஒரு நிபந்தனை அனுப்பியிருந்தார். பிறக்காத குழந்தைக்கு நட்சத்திரம் தெரியாதே என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் மூன்று நட்சத்திரம் சொல்லி, மூன்றுக்கும் எழுத்து கொடுத்திருந்தார். அதோடு எண் கணிதக் கூட்டுத்தொகையும் சரியாக வர வேண்டும்.

எங்கள் ஆபீசில் டிசைன் போடும் ஜெபராஜ், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். இதையெல்லாம் எக்செல்லில் ஏற்றினான். பெயர், எழுத்து, கூட்டுத்தொகை, பிரெஞ்சு ஓகே, இங்கிலீஷ் ஓகே, கடைசியில் ரிமார்க்ஸ். பெயரை அடித்தால் கூட்டுத்தொகை தானாக வரும்படி ஃபார்முலாவும் போட்டான். "எக்கா, நாம இத வச்சே தனியா கடை போட்டுரலாம்க்கா. பனியன்ல என்ன இருக்கு" என்றான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒன்பது பெயர்தான் தேறியது. மாயா, மீரா, அனிதா என்று யாருக்கும் வம்பில்லாத பெயர்கள். பத்தாவது கட்டம் காலியாக இருந்தது.

"எதையாவது அடிங்கக்கா. ஆறு மணிக்கு ஐயா பிரிண்ட் கேப்பாவ."

லீலா என்று அடித்தேன்.

அது என் பெயர். அதாவது, பெண் பிறந்தால் வைக்க வேண்டும் என்று நான் வைத்திருந்த பெயர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வைத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் லீலா என்று யாரும் இல்லை, சாமியும் இல்லை, டீச்சரும் இல்லை. காரணம் எதுவும் கிடையாது. பிடித்திருந்தது, அவ்வளவுதான். என் படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாவற்றையும் தக்க காரணத்தோடு மற்றவர்கள்தான் முடிவு செய்தார்கள். இது ஒன்றுதான் காரணமே இல்லாமல் என்னுடையதாக இருந்தது. வீட்டுக்காரரிடம்கூட நான் சொல்லியிருக்கவில்லை.

பின்னே ஏன் அடித்தாய் என்று கேட்காதீர்கள். கறுப்பு வெள்ளைப் படக் காலத்துப் பெயர், யார் எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்பு இது. பையருக்குப் பத்து டிசைன் அனுப்பும்போது ஒன்பதுதான் உருப்படியாக இருக்கும். ஒன்றை ஒப்புக்குச் சேர்ப்போம். பையர் அதைத்தான் எடுப்பார். ஆறு வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

அப்ரூவல்

திங்கட்கிழமை முதலாளி முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். ஜோசியர் லீலாவை எடுத்துவிட்டார். கூட்டுத்தொகை ராஜ யோகமாம்.

"எப்படிக் கண்ணு இந்தப் பேரு தோணுச்சு உனக்கு?"

"சும்மா தோணுச்சுங்க ஐயா."

"வேற பேரெல்லாம் என்னமோ பவுடர் டப்பாவாட்ட இருக்குது. இதுதான் பேரு."

நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது என் பிள்ளைக்கு வைத்திருக்கிற பெயர் என்று சொன்னால் அவர் விட்டிருப்பார், அப்படிப்பட்ட மனுஷர்தான். ஆனால் இன்னும் பிறக்காத, ஆணா பெண்ணா என்றே தெரியாத என் பிள்ளைக்கு, கனடாவில் படம் எடுத்து ஃபேக்ஸ் அனுப்பிய பிள்ளையோடு போட்டி போடும் தகுதி இல்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். சம்பளம் வாங்கும் இடத்தில் மனசுக்கு இப்படி ஒரு வளையும் பழக்கம் வந்துவிடுகிறது.

ஜோசியர் எடுத்தது லீலா என்ற குறிப்போடு பத்துப் பெயரும் சுதாவுக்கு மெயிலில் போயின. "நல்ல பேருங்க அப்பா, பார்க்கலாம்" என்று பதில் வந்தது.

எங்கள் தொழிலில் 'பார்க்கலாம்' என்பது அப்ரூவல் ஆகாது. பையர் தெளிவாக ஓகே என்று எழுதாமல் துணியை வெட்டக்கூடாது. அப்படி வெட்டிய கட்டிங் மாஸ்டரை ஒரு முறை முதலாளி ஃபேக்டரி முழுக்கக் கேட்கும்படி வைதிருக்கிறார். அதே முதலாளி மகளின் மெயிலில் 'நல்ல பேரு' என்பதை மட்டும் படித்துவிட்டு மொத்த உற்பத்தியில் இறங்கினார். தை மாதம் புது யூனிட்டின் வாசலில் லீலா என்று ஆள் உயரத்துக்கு எழுந்து நின்றது. லெட்டர் பேடில் லீலா, அட்டைப்பெட்டியில் லீலா, வேனின் இரண்டு பக்கத்திலும் லீலா. திறப்பு விழாவில் கொடுத்த எவர்சில்வர் டிபன் பாக்ஸின் மூடியிலும் லீலா.

மாசியில் பேத்தி பிறந்தாள். சோஃபி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பிரெஞ்சுக்கும் பொருந்துகிறது, ஆங்கிலத்துக்கும் பொருந்துகிறது. தமிழுக்கும் பொருந்த வேண்டும் என்று நிபந்தனையில் யாரும் எழுதியிருக்கவில்லை. முதலாளி இரண்டு நாள் கம்பெனிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "அவிய ஊருக்கு எது ஒத்துவருதோ வெச்சுக்கறாங்க" என்று யாரும் கேட்காமலே சொன்னார். அவர் மனைவி அந்தக் குழந்தையைக் கடைசி வரை பாப்பா என்றுதான் கூப்பிட்டார்.

அத்தையின் ஸ்ரீ

பங்குனியில் எனக்குப் பெண் பிறந்தது.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பழைய காலத்து மனுஷி என்று நினைத்துவிடாதீர்கள். பழைய பெயரே அவருக்கு ஆகாது. அந்த வருஷங்களில் எந்தப் பெயரின் பின்னாலும் ஸ்ரீ என்று ஒட்டினால்தான் அது பெயர். எங்கள் தெருவிலேயே நாலு ஸ்ரீ தவழ்ந்துகொண்டிருந்தன. அத்தை தன்யஸ்ரீ என்று முடிவு செய்து, டம்ளரில் பெயர் வெட்டவும் சொல்லிவிட்டார். வீட்டுக்காரருக்குப் பாத்திரக் கடையில் வேலை என்பதால் அதற்குத் தாமதமே இல்லை.

"லீலான்னு வெக்கலாங்க அத்தை" என்றேன்.

"அதென்ன கெழவி பேரு. புள்ள நாளைக்கு நம்முளத் திட்டும்."

வீட்டுக்காரர் குழந்தையின் கால் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தார். பிரச்சினை வரும்போதெல்லாம் அவருக்கு எண்ணுவதற்கு ஏதாவது கிடைத்துவிடும்.

மூன்று நாள் அழுதேன். நாலாம் நாள் ஒரு காரியம் செய்தேன், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நாக்கு கசக்கிறது. "எங்க மொதலாளி யூனிட்டுப் பேருங்க அத்தை. புள்ளைக்கு வெச்சா அவிய ரொம்ப சந்தோசப்படுவாங்க" என்றேன்.

அத்தை முகம் மாறிவிட்டது. கிழவி பேர் அந்த நிமிஷமே பெரிய வீட்டுப் பேர் ஆகிவிட்டது. "அத மொதல்லயே சொல்றதுக்கென்ன" என்று டம்ளர்களைத் திருப்பி அனுப்பினார்.

என் பெயரை நானே கடன் கேட்டு வாங்கி என் பிள்ளைக்கு வைத்தேன்.

பெயர் சூட்டும் விழாவுக்கு முதலாளி காரில் வந்து இறங்கினார். குழந்தைக்கு மோதிரம் போட்டார். மண்டபத்தில் இருந்த அத்தனை பேர் முன்னாலும், "எங்க யூனிட்டு பேரத்தான் புள்ளைக்கு வெச்சிருக்குது. நன்றியுள்ள புள்ள" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சோஃபியை அவர் இன்னும் நேரில் பார்க்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நான் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றேன். போட்டோவில் அப்படியே விழுந்திருக்கிறது.

யூனிட்டுக்கு ஆகாத பெயர்

நாலு வருஷம் போனது. வெளிநாட்டில் வங்கிகள் ஆட்டம் கண்ட நேரம். ஆர்டர்கள் மெலிந்துகொண்டே வந்தன. புது யூனிட்டில் பாதி மெஷின்களைத் துணி போட்டு மூடி வைத்தோம். உலகப் பொருளாதாரத்தின் கோளாறுக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஜோசியர் மட்டும்தான் அசல் காரணத்தைக் கண்டுபிடித்தார். போர்டில் இருந்த பெயர்.

ராஜ யோகம் என்று சொன்னவர்தான் இதையும் சொன்னார். பொம்பளைப் பிள்ளை பெயர் மெஷின் ஓடும் இடத்துக்கு ஆகாதாம். அடுத்த வாரமே லீலாவை இறக்கி ஒரு சாமி பெயரை ஏற்றினார்கள்.

அன்று மதியம் முதலாளி என்னைக் கேபினுக்குக் கூப்பிட்டார்.

"உக்காரு கண்ணு. புள்ள நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்குறாளுங்க ஐயா."

"யூனிட்டு பேர மாத்தியாச்சு, பாத்திருப்ப. புள்ளைக்கும் மாத்திப்போடலாம். ஜோசியர்கிட்ட ரெண்டையும் சேத்தே கேட்டுப்போட்டேன், எறக்குன பேரு புள்ளைக்கும் ஆகாதுங்கறாரு. சின்னப் புள்ளதான, பள்ளிக்கூடத்துல சேக்கறதுக்குள்ள மாத்திப்போட்டா ஒண்ணும் தெரியாது. நாங் குடுத்த பேரு. நாளைக்குப் புள்ளைக்கு ஒண்ணுன்னா எம்மனசு தாங்காது."

குரல் உண்மையாகவே தழுதழுத்தது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். சரிங்க என்று சொல்லிவிட்டு வந்து எதையும் மாற்றாமல் இருந்திருக்கலாம், அந்த வித்தையும் எனக்குத் தெரியும். ஆனால் 'நாங் குடுத்த பேரு' என்ற வார்த்தையைக் கேட்டுக்கொண்டு வர முடியவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தும் சொன்னேன்.

"நீங்க குடுத்த பேரு இல்லீங்க ஐயா."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அது என்ற புள்ளைக்குன்னு நான் வெச்சிருந்த பேருங்க. லிஸ்ட்டுல ஒரு பேரு கொறஞ்சுதுங்க. அதனால போட்டேன்."

"உன்ற புள்ளைக்கு வெச்சிருந்த பேர எதுக்கு எங்க லிஸ்ட்டுல போட்ட?"

"பத்துப் பேரு வேணும்னீங்க."

மேஜை மேல் கிடந்த துணித் துண்டை எடுத்து மடித்து வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "மண்டபத்துல அத்தன சனத்துக்கு முன்னால நாஞ் சொன்னேன். நீ கும்புட்டுட்டு நின்னயே."

"கும்புட்டது எந் தப்புதானுங்க. ஊட்டுல ஒத்துக்கோணும்னு உங்க யூனிட்டு பேருன்னு பொய் சொன்னதும் நான்தானுங்க. பேரு மட்டும் என்றதுங்க. மாத்தமாட்டேனுங்க."

"அன்னிக்கே சொல்லியிருந்தா வேற பேர எடுத்திருப்பனே" என்றார். அதில் கோபம் இல்லை. அது இருந்திருந்தாலும் தேவலாம். மகளும் அவர் கொடுத்த பெயரை வைக்கவில்லை, அந்தப் பெயரை வைத்த நானும் அவர் கொடுத்தது என்று வைக்கவில்லை. அந்த மனுஷருக்கு ஒரு பேத்திபோல இருந்த ஒரே ஒரு பெயரை நான் பிடுங்கிக்கொண்டேன் என்று எனக்குத் தெரிந்தது. அதற்காக வருத்தப்பட்டேன். திருப்பித் தர மட்டும் மனசு வரவில்லை.

"சரி, போய் வேலையப் பாரு பூங்கொடி" என்றார்.

அந்தக் கம்பெனியில் அன்றுதான் முதல் தடவையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மறுபடியும் கண்ணு என்று கூப்பிட ஒரு வருஷம் ஆனது.

வீட்டில் இதை நான் சொல்லவில்லை. பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரை அத்தை வாராவாரம் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறார், முக்கியமாகத் தன்னைப் பற்றி என்ன வந்திருக்கிறது என்று. இந்த வாரம் நிறைய வந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வேகமாக நடந்து வந்தேன். உள்ளே டிவியில் பொம்மைப் படம் ஓடும் சத்தம் கேட்டது. வாசலில் நின்று, "லீலா" என்று கூப்பிட்டேன்.

அரைகுறை மனசோடு எழுந்து வந்தாள். "என்னம்மா?"

"ஒண்ணுமில்ல கண்ணு. சும்மா கூப்புட்டேன்."

முறைத்துவிட்டு உள்ளே ஓடினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்று, இன்னொரு தடவை கூப்பிட்டேன்.